ஏழு 'ஏ'க்குப் பிறகு

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



தலைமையாசிரியர் போன வாரம் என்னை அழைத்து, "சார், பிள்ளைங்க எல்லாரும் டாக்டராகணும்னு சொல்லுதுங்க. அதைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். இந்த ஆண்டு தொடக்கத்தில் மூன்றாம் ஆண்டு வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகளை எழுப்பிக் கேட்டேன். பதினான்கு பேர் டாக்டர் என்றார்கள். இரண்டு பேர் போலீஸ். ஒருவன் மட்டும் "லோரி ஓட்டுவேன் சார்" என்றான். மீதி இரண்டு பேர் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

பதினான்கு பேர் டாக்டர் என்றதில் எனக்கு வியப்பில்லை. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் காடு வெட்டிக் கித்தா நட்டவர்களை மலேரியாக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900 இல் ஏற்பட்டது. அடுத்த ஆண்டே கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்துத் தண்ணீரை வடியவைத்துக் கொசுவைக் கட்டுப்படுத்தத் தொடங்கினார். அப்படிப்பட்ட மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு டாக்டர் என்றால் தெய்வம்தான். என் பாட்டி சொல்வார்கள், தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர்தான் எல்லாம். காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் ஒரே கலரில் தண்ணீர் மருந்து. பெரிய டாக்டர் எப்போதாவது காரில் வந்து, காரிலேயே போய்விடுவாராம். "நம்ம வீட்டுல ஒரு டாக்டரு" என்ற ஆசை அந்த நாளிலேயே நம் லயத்து வீடுகளில் முளைத்துவிட்டது.

ஆசையைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அது உங்களிடம் நிறையவே இருக்கிறது. நம் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியின் கதையைச் சொல்ல வந்தேன். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு யார் என்று தெரியும். தெரிந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் சரி.

நான் இந்தப் பள்ளிக்கு வந்த முதல் ஆண்டு 2011. ஆறாம் ஆண்டு வகுப்பைக் கொடுத்தார்கள். அப்போது யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது, 2021 இல்தான் அதை எடுத்தார்கள். தமிழ்ப்பள்ளி என்றால் ஏழு 'ஏ' என்பதே பேச்சு. எத்தனை ஏழு 'ஏ' என்று வெளியே சடக்கோரத்தில் பதாகை கட்டுவோம். புது வாத்தியார், பெயர் எடுக்க வேண்டும் என்ற துடிப்பு எனக்கு. பழைய தேர்வுத் தாள்களைக் கட்டுக்கட்டாக அச்செடுத்து, காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, சனிக்கிழமை இரண்டு என்று பிள்ளைகளைப் போட்டுத் தீட்டினேன். அறிவியலில் இந்தக் கேள்விக்கு இந்த விடை என்று கரும்பலகையில் எழுதி, இருபது தடவை எழுதி வரச் சொன்னேன். ஏன் என்று கேட்ட பிள்ளையை, "ஏன் எல்லாம் தேர்வுக்கு அப்புறம்" என்று உட்காரவைத்தேன். கேட்டவள் அவள்தான்.

அவள் ஏழு 'ஏ' வாங்கினாள். இதே மேடையில் கோப்பை வாங்கினாள். அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

2016 இல் எஸ்.பி.எம். எழுதினாள். உயிரியல், வேதியியல், பௌதிகம், கணிதம் எல்லாவற்றிலும் 'பி'யும் 'பி'க்கு மேலும் வந்தது. 2017 இல் மெட்ரிகுலேஷன் கிடைத்தது. அங்கேதான் முதல் அடி. ஓராண்டு முடிவில் பாயிண்டர் 2.6. நம் நாட்டில் மெட்ரிகுலேஷன் வழியாக மருத்துவம் படிக்கக் குறைந்தது 3.0 வேண்டும். அதுவும் குறைந்தபட்சம்தான். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க வேண்டுமானால் 4.0-ஐ ஒட்டி நிற்க வேண்டும். குறைந்தபட்சத் தகுதி என்பது வாசலில் வரிசையில் நிற்க ஒரு டோக்கன். அவ்வளவுதான்.

அந்த 2018 ஆம் ஆண்டில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு அவள் அப்பா என் வீட்டுக்கு வந்தார். கையில் பளபளவென்று ஒரு புத்தகம். டவுனிலிருந்து ஓர் ஏஜெண்ட் வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். வெளிநாட்டில் மருத்துவக் கல்லூரி, பாயிண்டர் கேட்க மாட்டார்கள், பாஸ்போர்ட் இருந்தால் போதும், முன்பணம் முப்பதாயிரம் வெள்ளி. அவருக்கு அந்த வருஷம் ஐம்பது வயது நிறைந்திருந்தது. சேமநிதியிலிருந்து எடுத்த பணம் பேங்கில் இருந்தது. இருபத்தெட்டு வருஷம் பால் வெட்டிய பணம்.

"வாத்தியாரே, இதுல எங்க கையெழுத்துப் போடணும்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் கணினியைத் திறந்தேன். மருத்துவச் சட்டத்தின்கீழ் நம் நாடு எந்தெந்த வெளிநாட்டுக் கல்லூரியின் பட்டத்தை ஏற்கிறது என்று மலேசிய மருத்துவ மன்றம் பட்டியல் வைத்திருக்கிறது. யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். அந்தப் புத்தகத்தில் இருந்த பெயர் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்து வந்தால் இங்கே தனியாகத் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். தேறாவிட்டால் சுவரில் மாட்டிய பட்டம் சுவரிலேயே இருக்கும். கல்லூரி பட்டியலில் இருந்தாலும் போகிற பிள்ளைக்கு இங்கே சொல்லப்பட்ட தகுதி இருக்க வேண்டும். இதைத்தான் ஏஜெண்ட் சொல்வதில்லை.

"போட வேண்டாம் அண்ணே" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "உங்க பிள்ளையா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா, வாத்தியாரே?"

அப்போது என் மகனுக்கு இரண்டு வயது. சொல்வேன் என்றுதான் பதில் சொன்னேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவர் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் என்னிடம் சரியாகப் பேசவும் இல்லை.

அவள் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் சார்ந்த பட்டப்படிப்பில் சேர்ந்தாள். முதல் தவணை 2.1. இரண்டாம் தவணை 1.9. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வீட்டில் சொல்லவில்லை. அப்பா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட சமயம் அது. கடன் பணத்தில் மாதம் கொஞ்சம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சனி ஞாயிறுகளில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவியிருக்கிறாள்.

ஆனால் வறுமை மட்டும் காரணம் என்று நான் சொன்னால் அது பொய். அவளே பிறகு என்னிடம் சொன்னாள்: "சார், எனக்குப் படிக்கத் தெரியலை சார். எழுதி எழுதி மனப்பாடம் பண்ணத்தான் தெரியும். அங்க எழுநூறு பக்கம் சார்." அவள் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் உறைத்தது. பன்னிரண்டு வயதில் அவளுக்கு அந்தப் பழக்கத்தைப் போட்டுவிட்டவன் யார்? அந்த ஏழு 'ஏ' அவள் வாங்கியது பாதி, நான் திணித்தது பாதி. இத்தனை பேர் முன்னால் இதைச் சொல்ல வேண்டுமா என்று என் மனைவிகூடக் கேட்டார். சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் அது நேர்மையாக இருக்காது.

2020 மார்ச் 18 இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அவள் லயத்துக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் லைன் கிடைக்காது. பள்ளித் திடலின் மேட்டில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு போனில் பாடம் கேட்பாள். நான் பள்ளிக்குக் கோப்பு எடுக்கப் போனபோது பார்த்தேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்த மேட்டில் நடந்த ஒன்றைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். "பால் ஏன் உறையுது?" என்று கேட்டேன். எஸ்.பி.எம். வேதியியலில் வருகிற பாடம். கடகடவென்று சொன்னாள்: பால் துகளைச் சுற்றிப் புரதப் படலம், அதில் எதிர்மின்னேற்றம், அதனால் ஒன்றையொன்று தள்ளும், அமிலம் ஊற்றினால் அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அந்த ஏற்றத்தைப் போக்கிவிடும், துகள்கள் மோதும், படலம் கிழியும், உறையும். "சரி, அமோனியா ஊத்தினா?" உறையாது என்றாள். "உங்கம்மா தினமும் கையில் என்ன வாசனையோட வீட்டுக்கு வர்றாங்க?" என்றேன்.

பிள்ளை அப்படியே நின்றுவிட்டாள். அம்மா பால் வாளியில் அமோனியா விடுவதையும், ஸ்டோரில் பாலுக்கு ஆசிட் விடுவதையும் பிறந்தது முதல் பார்த்தவள். பாடத்தில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள். இரண்டும் ஒன்றே என்று அவளுக்கு அதுவரை தோன்றவில்லை. அன்றிலிருந்து படித்ததை இரவில் அம்மாவிடம் சொல்லிக் காட்டத் தொடங்கினாள். அந்த அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர்கள். ஆனால் கேள்வி கேட்பார்களே, அப்படி! "கிட்னி வடிகட்டுதுன்னா, வடிகட்டினது எங்க போகுது? நல்லதும் சேர்ந்து போயிடாதா?" அம்மாவுக்குப் புரியவில்லை என்றால் இவளுக்கும் புரியவில்லை என்று அர்த்தம். மறுபடியும் புத்தகத்தைத் திறப்பாள்.

மூன்றாம் தவணையிலேயே கொஞ்சம் ஏறியிருந்தது. பிறகு இன்னும் ஏறியது. கடைசி ஐந்து தவணைகளின் சராசரி 3.1. ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள், பெற்றோர்களே. முதல் இரண்டு தவணைகள் 2.1, 1.9, கூட்டினால் 4. அடுத்த ஐந்து தவணைகள் 3.1 வீதம் 15.5. மொத்தம் 19.5. ஏழால் வகுத்தால் 2.79. ஒரு வாளியில் தண்ணீர் கலந்துவிட்டால் தொட்டிப் பால் முழுவதும் தரம் இறங்குகிற மாதிரிதான். பின்னால் எவ்வளவு கெட்டிப் பால் ஊற்றினாலும் முன்னால் ஊற்றிய தண்ணீர் உள்ளேயேதான் இருக்கும். கடைசி ஐந்து தவணையிலும் 3.3 எடுத்திருந்தால்கூட 2.93-தான் வந்திருக்கும். முதல் ஆண்டில் விழுந்த பிள்ளைக்கு, "போகப் போகச் சரியாயிடும்" என்று நாம் சொல்கிற ஆறுதல் இந்தக் கணக்குக்குத் தெரியாது.

2022 இல் பட்டம் வாங்கினாள். 2.79. அதைக் கொண்டு மருத்துவத்துக்கு மனுப் போட வழியில்லை. மெட்ரிகுலேஷனும் 2.6. இரண்டு கதவும் சாத்தியாகிவிட்டது.

எஸ்.பி.எம். மட்டும் திறந்திருந்தது. உயிரியல், வேதியியல், பௌதிகம், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இன்னும் ஒரு பாடம், ஆக ஐந்திலும் குறைந்தது 'பி' வேண்டும் என்பது விதி. அது அவளிடம் இருந்தது. ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 'பி'க்கள் மட்டும் இல்லாமல் போயிருந்தால் அவள் கதை அங்கேயே முடிந்திருக்கும். எஸ்.பி.எம். தகுதியை வைத்து ஃபவுண்டேஷன் படிப்பில் புதிதாகச் சேரலாம். ஓராண்டுதான். அதில் 3.0-க்கு மேல் எடுத்தால் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆறாம் படிவம் போய் எஸ்.டி.பி.எம். எழுதுவது இன்னொரு வழி. செலவு மிகக் குறைவு, ஆனால் பாடம் கடினம்.

ஒரு பட்டதாரி, இருபத்து நான்கு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு மீண்டும் முதல் பெஞ்சில் போய் உட்கார்வதென்றால் சும்மாவா? லயத்தில் பேசாத பேச்சில்லை. "படிச்சதையே திரும்பப் படிக்குது" என்றார்கள். "கட்டிக் கொடுக்காம என்ன பண்றாங்க" என்றார்கள். பேசியவர்களில் சிலர் இன்று கைதட்ட வந்திருக்கிறீர்கள். சந்தோஷம்.

முதலில் டவுனில் ஒரு கிளினிக்கில் உதவியாளராக ஓர் ஆண்டுக்கு மேல் வேலை செய்தாள். சம்பளத்தைச் சேர்த்தாள். புண் கட்டுவது, சர்க்கரை பார்ப்பது, பயந்த கிழவிகளைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அங்கே கற்றாள். இந்த வேலை உண்மையிலேயே தனக்குப் பிடிக்கிறதா, அல்லது அப்பாவின் ஆசையைத்தான் சுமக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளவும் அந்த ஓராண்டு உதவியது என்றாள். 2023 இல் ஃபவுண்டேஷன் சேர்ந்தாள். 2024 இல் முடித்தாள். பாயிண்டர் 3.81.

பிறகு நேர்முகத் தேர்வு. எதிரில் மூன்று பேர். அதில் ஒரு மூத்த டாக்டர் பழைய தாள்களைப் புரட்டிவிட்டு, "இந்த 1.9-க்கு என்ன விளக்கம்?" என்று கேட்டாராம். அப்பாவின் காலைச் சொல்லலாம், தட்டுக் கழுவியதைச் சொல்லலாம். அதையும் சொன்னாள், ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. "எனக்கு அப்போது படிக்கத் தெரியவில்லை. மனப்பாடம் செய்தேன். யாரிடமும் உதவி கேட்க வெட்கப்பட்டேன். இப்போது இப்படிப் படிக்கிறேன்" என்று அம்மாவிடம் பாடம் சொல்வதைச் சொன்னாளாம். அந்த டாக்டர், "கிட்னியை உன் அம்மாவிடம் சொன்ன மாதிரி எனக்குச் சொல்" என்றாராம். சொன்னாள். இடம் கிடைத்தது.

இந்த இடத்தில் மாணவர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. ஸ்பெயின் நாட்டில் 1852 இல் பிறந்த சாண்டியாகோ ராமோன் இ கஹால் என்பவர் பள்ளியில் அடங்காப்பிடாரி. பாடம் ஏறவில்லை, படம் வரைவதுதான் பிடிக்கும். கிராமத்து வைத்தியரான அப்பா வெறுத்துப்போய் அவரை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார். பிறகு 1868 இல் இடுகாட்டில் கிடந்த எலும்புகளைக் காட்டி, "இதை வரை" என்றார். வரையத் தெரிந்த பையனுக்கு உடற்கூறு அப்படித்தான் ஏறியது. 1873 இல் டாக்டரானார். கியூபாவுக்கு இராணுவ டாக்டராகப் போய், நம் முன்னோர்களைப் போலவே மலேரியாவில் விழுந்து எழுந்தார். நம் மூளையும் நரம்பும் தனித்தனி உயிரணுக்களால் ஆனவை என்று காட்டி 1906 இல் நோபெல் பரிசு பெற்றார். அவர் வரைந்த படங்களை இன்றும் பாடப்புத்தகங்களில் போடுகிறார்கள். எல்லா அடங்காப்பிடாரிக்கும் நோபெல் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டில் சிலர் இப்போதே சிரிக்கிறார்கள்.

சரி, அந்தப் பிள்ளை டாக்டராகிவிட்டாளா? இல்லை. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஐந்தாண்டுப் படிப்பு. தனியார் கல்லூரியில் மொத்தச் செலவு மூன்று லட்சம் வெள்ளிக்குக் குறையாது. கல்லூரி ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தது. தம்பி சிங்கப்பூரில் வேலை செய்து அனுப்புகிறான். பெரியப்பா வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது. அன்று கையெழுத்துப் போடாமல் காப்பாற்றிய சேமநிதிப் பணம் முதல் ஆண்டுக் கட்டணத்துக்குப் போனது. மூன்றாம் ஆண்டுக்கு வேண்டிய பணம் இன்னும் முழுசாகச் சேரவில்லை. முதல் பட்டத்துக்கு வாங்கிய கடனும் அவள் தலையில் இருக்கிறது. படித்து முடித்தாலும் இரண்டாண்டுப் பயிற்சி. 2016 டிசம்பரிலிருந்து புது டாக்டர்களை அரசாங்கம் ஒப்பந்தத்தில்தான் எடுக்கத் தொடங்கியது. நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலையில் இளம் டாக்டர்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் அவள் போனாள். தெரியாமல் போகக்கூடாது என்பதற்காகத்தான் இங்கே சொல்கிறேன்.

இந்த வழி எல்லோருக்கும் சரிப்படாது. அவளுடன் ஃபவுண்டேஷன் படித்த இன்னொரு பையனுக்குப் பாயிண்டர் வரவில்லை. அவன் இப்போது மருத்துவ உதவி அதிகாரிப் படிப்பில் இருக்கிறான். நம் பாட்டிமார்கள் டிரஸர் என்று கும்பிட்டார்களே, அதே வேலைதான். கிளினிக்குகளில் முதலில் நம்மைப் பார்ப்பவர்கள் அவர்களே. அவன் அம்மா அதைச் சொல்லத் தயங்குகிறார். ஏன் தயங்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

என் வகுப்பில் இப்போது "ஏன் சார்?" என்று கேட்க அனுமதி உண்டு. அதனால் பாடம் முடிவதில்லை, தலைமையாசிரியர் அவ்வப்போது கடிந்துகொள்கிறார். அவரும் இங்கேதான் இருக்கிறார்; மன்னிக்க வேண்டும்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் பதினொரு மணி வரை ஆறாம் ஆண்டு வகுப்பறையில் நான் இருப்பேன். எஸ்.பி.எம். முடிவு, பாயிண்டர் தாள், கல்லூரிக் கடிதம், ஏஜெண்ட் கொடுத்த புத்தகம் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாருங்கள். அந்தப் பிள்ளையும் விடுமுறையில் வரும்போது பக்கத்தில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா மேசை நாற்காலி போட்டுத் தருவார். இப்போது என்னோடு பேசுகிறார்.

பரிசு மேசையைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கழுத்து வலித்திருக்கும். இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.